மலையேற்றம், முழு ஈடுபாட்டோடு வாழ்வதைப் பற்றி உங்களுக்கு என்ன கற்றுத் தந்தது?

எனக்கு அந்தப் பாடம் உச்சியில் கிடைக்கவில்லை. தரையிலிருந்து பதினைந்து அடி உயரத்தில், இடுப்பில் கயிறு கட்டியிருந்தபோது, கால் வழுக்கி வழுக்கித்தான் கிடைத்தது.

வழவழப்பான சரிவுப் பாறை அது. கைக்குப் பற்ற ஒன்றும் இருக்காது. ஷூவின் ரப்பர் அடிப்பாகம் பாறையைக் கவ்வும் என்று நம்பித்தான் ஏற வேண்டும். பயம் வந்தால் உடம்பு என்ன செய்யும்? பாறையைக் கட்டிக்கொள்ளும். நானும் நெஞ்சைப் பாறையோடு அப்பி, முழங்கால் நடுங்க ஒட்டிக்கொண்டேன். வழுக்கியது. மறுபடி ஒட்டினேன், மறுபடி வழுக்கியது. கீழே கயிற்றைப் பிடித்திருந்த பயிற்சியாளர் கத்தினார்: "பாறையை விட்டுத் தள்ளி நில்லுங்க. இடுப்பை வெளியே எடுங்க, குதிகாலை இறக்குங்க. முழு எடையையும் கால்ல போடுங்க!"

விழச் சொல்கிறாரா என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் அவர் சொன்னதில்தான் விஷயமே இருக்கிறது. உடம்பு பாறை மேல் சாய்ந்தால், காலின் விசை பாறைக்குள் இறங்காமல் சரிவோடு கீழே இழுக்கிறது. நிமிர்ந்து நின்றால் நம் எடையே ரப்பரைப் பாறையோடு அழுத்திப் பிடிக்கிறது. நிமிர்ந்தேன். கால் நின்றது. அந்த நொடி இன்றும் என் உள்ளங்காலில் இருக்கிறது.

அந்தச் சமயத்தில் நான் ஒரு வேலையில் இருந்துகொண்டு, வேறு துறைக்கான படிப்பையும் மூன்று வருடமாக இழுத்துக்கொண்டிருந்தேன். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். இது இல்லாவிட்டால் அது என்று இரண்டிலும் பாதி எடையைத்தான் வைத்திருந்தேன். அதைப் பாதுகாப்பு என்றே நம்பினேன். வழுக்குவதற்குக் காரணமே அதுதான் என்று புரிந்தபின் வேலையை விட்டேன். கயிறு இல்லாமல் இல்லை. இரண்டு வருடச் செலவுக்குப் பணம் சேர்த்த பிறகுதான்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். முழு ஈடுபாடு என்றால் உயிரே போனாலும் உச்சியைத் தொடுவது என்று சிலர் பேசுவார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. 1953 மே 26 அன்று பிரிட்டிஷ் மலையேறிகளான டாம் பூர்டிலனும் சார்லஸ் எவன்ஸும் எவரெஸ்டின் தெற்கு உச்சியில் நின்றார்கள். அதுவரை எந்த மனிதரும் ஏறாத உயரம். முதன்மை உச்சிக்கு இன்னும் சுமார் 100 மீட்டர்தான். ஆனால் மதியம் ஒரு மணி ஆகிவிட்டது, எவன்ஸின் ஆக்சிஜன் கருவியில் கோளாறு. திரும்பிவிட்டார்கள். மூன்று நாள் கழித்து டென்சிங்கும் ஹிலாரியும் உச்சியைத் தொட்டார்கள். அந்த டென்சிங்கும் முந்தைய வருடம் சுவிஸ் மலையேறி ரேமண்ட் லம்பேருடன் ஏறக்குறைய 8,600 மீட்டர் வரை போய்த் திரும்பியவர்தான். அவர் முதன்முதலில் எவரெஸ்டுக்கு வந்தது 1935இல். இடையில் 18 வருடம்! திரும்பி இறங்கியவரின் ஈடுபாட்டை யார் குறை சொல்ல முடியும்?

மலையேறுபவர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். எத்தனை மணிக்கு, எங்கே இருந்தாலும் திரும்ப வேண்டும் என்பதைக் கிளம்பும் முன்பே முடிவு செய்துவிடுவார்கள். மேலே போனபின் காற்று மெலிந்து, மூளை மந்தமாகி, உச்சி கண்ணுக்கு நேரே தெரியும்போது அந்த முடிவைச் சரியாக எடுக்க முடியாது. அந்த நேரம் வரும்வரை சந்தேகத்துக்கு இடமில்லை, ஒவ்வொரு அடியிலும் முழு எடை.

படிப்புக்கு நானும் அப்படி ஒரு தேதி குறித்துக்கொண்டேன். அதற்குள் முடியாவிட்டால் பழைய துறைக்கே திரும்புவது என்று. தேதிக்கு முன்பே முடிந்தது, சரி. ஆனால் எனக்குப் பெரிதாகத் தெரிவது நடுவில் வந்த இரவுகள்தான். புத்தகத்தை மூடும்போதெல்லாம் 'இது தேறுமா, விட்டுவிடலாமா?' என்ற கேள்வி வந்து நிற்கும். சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்ப்பேன். இன்னும் நாள் இருக்கிறது, இது இன்றைய கேள்வி இல்லை என்று விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துவிடுவேன்.