7 மில்லிமீற்றர் நாண் போதுமா?

தம்பி, மல்லாவிக் கூட்டாளிக்கு ஏசிஎல் (முழங்காலுக்குள் எலும்புகளைப் பிணைக்கும் நார்) சத்திரசிகிச்சையில், அறுந்த நாருக்குப் பதிலாக 9 மில்லிமீற்றர் தடிப்பான நாண் வைத்தார்கள், உங்களுக்கு 7 தான் வருமாம் என்று எழுதியிருந்தீர்கள். பெருத்தால் நல்லது என்றில்லை. இந்த நாண் இருக்கும், தொடையெலும்பின் அடியிலுள்ள பள்ளம் ஆளுக்கு ஆள் வேறு. ஒடுங்கிய பள்ளத்தில் தடித்த நாண், கால் நீட்டும்போது எலும்பில் உரசும். ஆனால் பின்தொடையிலிருந்து எடுத்து வைக்கும் நாண் 8க்குக் குறைந்தால், அதுவும் இளவயதில், திரும்ப அறும் வாய்ப்புக் கூடத்தான். உங்கள் பயம் நியாயமானது.

நாணை இன்னொரு மடிப்பு மடித்துத் தடிப்பாக்கலாம். இல்லையென்றால் முழங்காற் சில்லுக்குக் கீழுள்ள நாணை எடுக்கலாம். சரியான தடிப்பு சத்திரசிகிச்சை மேசையில் அளக்கும்போதுதான் தெரியும். "7 வந்தால் என்ன செய்வீர்கள்?" என்று வைத்தியரிடம் முதலே கேளுங்கள். அப்புறம், உதைபந்துக்கு 9 மாதமாவது பொறுக்க வேணும். வழுக்கும் வயல் வரம்பும் கவனம்.