ஸ்டிக்கர் கோலம் – கடிதம்

அன்புள்ள சார்,

பதினொரு வருடம் கழித்து இந்த மார்கழியில் மயிலாடுதுறை வந்துவிட்டுத் திரும்பினோம். மகளுக்குப் பதினான்கு வயது, நியூ ஜெர்சியில் பிறந்தவள். நம் பண்பாட்டைக் காட்டலாம் என்று ஆசையோடு கூட்டி வந்தேன். ஏமாற்றம்தான். காது கிழிகிற ஹாரன். ரயிலில் முன்பின் தெரியாதவர் சம்பளம் எவ்வளவு என்கிறார். இட்லி மாவைக் கடையில் பாக்கெட்டாக வாங்குகிறார்கள். எல்லாவற்றுக்கும் மேல், மார்கழி மாதத்தில் என் தம்பி வீட்டு வாசலில் ஸ்டிக்கர் கோலம்! நாங்கள் இருக்கும் எடிசன் ஊரில் தமிழ்ப் பள்ளி, நவராத்திரி கொலு என்று எல்லாவற்றையும் விடாமல் காப்பாற்றி வருகிறோம். ஊரில் இருப்பவர்களுக்கு அதன் அருமை தெரியவில்லை. மகள் தஞ்சாவூர் பெரிய கோயிலுக்குக்கூட வரமாட்டேன் என்று சித்தியோடு உட்கார்ந்து பூக்கட்டிக்கொண்டிருந்தாள். அடுத்த வருடமும் அவளை அழைத்து வருவதா, இல்லை புத்தகங்களே போதுமா? எதைப் படிக்கக் கொடுக்கலாம்?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

ஹாரன் விஷயத்தில் நான் உங்கள் கட்சி. சம்பளம் கேட்கிறவரிடம் ஏதாவது ஒரு தொகையைச் சொல்லிவிட்டு அவருடையதைத் திருப்பிக் கேளுங்கள்; கும்பகோணம் வருவதற்குள் அவர் பெண்ணுக்கு வரன் பார்த்த கதை வரைக்கும் வந்துவிடும். மாவு பாக்கெட்டைப் பற்றிப் பேச எனக்கு யோக்கியதை இல்லை. எங்கள் ஃப்ரிட்ஜிலும் ஒன்று இருக்கிறது.

அந்த ஸ்டிக்கரைத்தான் என்னால் விட முடியவில்லை.

உங்கள் தம்பி மனைவி வேலைக்குப் போகிறாரா? எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறார்? இரண்டு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள் (வாசகர்களுக்காக நான் சுருக்கியிருக்கிறேன்), அதில் இது எங்கேயும் இல்லை. மார்கழிக் கோலம் என்றால் நாலரை மணிக்கு எழுந்து, பனியில் வாசல் பெருக்கி, சாணி கரைத்துத் தெளித்து, ஈரம் காய்வதற்குள் புள்ளி வைத்து, குனிந்த இடுப்பு நிமிராமல் இழை இழுத்து முடிப்பது. சிக்குக் கோலத்தில் ஒரு வளைவு தப்பினால் மொத்தமும் முட்டி நிற்கும். காலால் கலைத்துவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டும். முடித்து நிமிரும்போது பால்காரர் சைக்கிளை அதன் மேலேயே ஓட்டிக்கொண்டு போவார். அழகு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அது ஒருவருடைய இடுப்பு வலியும்கூட. எடிசனில் கோலம் யார் போடுகிறார்கள்? பனி கொட்டுகிற டிசம்பரில் வாசலில் போட முடியாதுதான், ஒப்புக்கொள்கிறேன். சரி, கொலுவுக்கு ஒன்பது நாளும் சுண்டல் யார் செய்கிறார்கள்? ‘காப்பாற்றி வருகிறோம்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ‘றோம்’-இல் நீங்கள் எந்த நேரத்தில் எழுந்திருக்கிறீர்கள்?

கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்தக் கோபம் எனக்குப் பழையது.

எழுபதுகளின் கடைசியில் பினாங்கிலிருந்து என் அத்தை வந்தார், ‘சிதம்பரம்’ கப்பலில். நாகப்பட்டினத்தில் கப்பல் கரை வரைக்கும் வராது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆட்களையும் சாமான்களையும் படகில் கொண்டுவந்து இறக்குவார்கள். மைலோ டின்னும் கோடாலித் தைலமுமாக இறங்கிய அத்தை, வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்து, எங்கள் வீட்டு வாசலில் நின்று ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டார். என்னவோ ஏதோ என்று பக்கத்து வீட்டிலிருந்து ஓடி வந்தார்கள். அப்பா திண்ணையை இடித்துவிட்டு முன்னறை கட்டியிருந்தார், அவ்வளவுதான். ‘‘அங்க இருந்தபடி தினம் இந்தத் திண்ணையத்தானே நெனச்சுக்கிட்டிருந்தேன், இப்படிப் பண்ணிட்டீங்களே!’’ அம்மா வாயே திறக்கவில்லை. பாட்டிதான் வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு சொன்னாள்: ‘‘நீ நெனச்சுக்கிட்டு இருந்தே. சாணி போட்டு மெழுகினது இவ.’’

அத்தை அன்று ராத்திரி சாப்பிடவில்லை. பாவம், அவர் பக்கமும் நியாயம் இருந்தது. தோட்டத்துக் குடியிருப்பில் இருபது வருடத்தை அந்தத் திண்ணையை மனசில் வைத்துத்தான் ஓட்டியிருக்கிறார். உங்களுக்கும் அப்படி ஒன்று இருக்கும் என்று தெரியும். இருந்தாலும் பாட்டி பக்கம்தான் நான்.

வெளியிலிருந்து வந்து நம்மைப் பார்த்தவர்களில் எனக்குப் பிடித்தவர் ஒருவர் உண்டு. உங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் போய்விடலாம், தரங்கம்பாடி. அங்கே 1706-இல் வந்து இறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு. மதம் மாற்றத்தான் வந்தார், அதை மூடி மறைக்க வேண்டாம். ஆனால் தமிழ் கற்க அவர் செய்ததைப் பாருங்கள்: திண்ணைப் பள்ளி வாத்தியாரையும் பிள்ளைகளையும் தன் வீட்டுக்கு வரவழைத்து, பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதினார். பிறகு ஊர்க்காரர்களுக்குக் கேள்விகளைக் கடிதமாக அனுப்பினார். அவர்கள் எழுதிய பதில்களை ஜெர்மனில் பெயர்த்து ஜெர்மனியின் ஹாலே நகரத்திலிருந்த மிஷன் தலைவர்களுக்கு அனுப்ப, 1714-இலேயே அவை அச்சாகத் தொடங்கின. உங்களை ஏன் எங்களுக்குப் பிடிக்கவில்லை என்பதையும் நம்மவர்கள் அதில் கூசாமல் எழுதியிருக்கிறார்கள்: மாட்டை அடித்துத் தின்கிறீர்கள், குடிக்கிறீர்கள், வெளிக்குப் போய்விட்டு வந்தால் கழுவுவதில்லை. நம் அழுக்கைப் பற்றி வெள்ளைக்காரர்கள் எழுதியதுதான் நமக்கு மனப்பாடம். அவர்கள் அழுக்கைப் பற்றி நாம் எழுதியதும் அந்த ஊரில் அச்சில் இருக்கிறது. அதையும் மறைக்காமல் அனுப்பிவைத்தாரே, அதற்காகத்தான் அவரைப் பிடிக்கும். நம் சாமிகளைப் பற்றி அவர் எழுதி 1713-இல் முடித்த புத்தகத்தை ஹாலேக்காரர்கள் போடவே இல்லை. பொய்ச் சாமிகளை ஒழிக்க அனுப்பினால் அவற்றின் புகழை ஐரோப்பாவில் பரப்புகிறாயா என்று கோபம். அது 1867-இல்தான் சென்னையில் அச்சேறியது. முப்பத்தாறு வயதிலேயே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

நீங்கள் தம்பி வீட்டில் எத்தனை நாள் இருந்தீர்கள்? நீங்கள் ஊர் மாறியதை, உங்கள் சாப்பாட்டை, பெண்ணை வளர்த்த விதத்தை அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று ஒரு தடவையாவது கேட்டீர்களா? தம்பி மனைவி சொல்ல ஆரம்பித்தால் உங்களுக்கு ஃப்ளைட் தப்பிவிடும்.

உங்கள் கேள்வி மறந்தே போனது. புத்தகப் பட்டியல் எதுவும் இப்போதைக்கு வேண்டாம். பெரிய கோயில் ஆயிரம் வருடமாக நிற்கிறது, இன்னும் இரண்டு வருடம் காத்திருக்கும்.

மகள் பூக்கட்டியதைக் குற்றப்பத்திரிகை மாதிரி ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். கனகாம்பரமா, டிசம்பர் பூவா? நூலா, வாழை நாரா? முதல் சரம் எல்லோருக்கும் உதிரும், அவளுக்கும் உதிர்ந்ததா? கடைசியில் எத்தனை முழம் வந்தது, சித்தி கையால் அளந்தா, அவள் கையால் அளந்தா? அடுத்த கடிதத்தில் இதை எழுதுங்கள்.