பனிக்காலச் செலவுகள்: வாசகர் கேள்வி – பதில்

மார்கழி பிறந்தது முதல் நமக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை வீட்டுச் செலவைப் பற்றியே இருக்கின்றன. குளிர்காலச் சிக்கனம் என்று பொதுவாகச் சொல்லப்படும் யோசனைகளில் பல, வீட்டையே சூடாக்கி வைக்க வேண்டிய நாடுகளுக்கு உரியவை. கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூர்ப் பகுதிக்கு அவை பொருந்தா. நமக்குப் பனிக்காலம் என்பது இயல்பாகவே செலவு குறைய வேண்டிய காலம். அது குறையவில்லை என்றால் பணம் எந்த வழியாகக் கசிகிறது என்று தேடிப் பார்க்க வேண்டும். அந்த நோக்கிலேயே கீழ்க்காணும் பதில்களை எழுதியிருக்கிறேன்.

கேள்வி: ஏ.சி.யை ஐப்பசியிலேயே நிறுத்திவிட்டோம். இரவில் மின்விசிறிகூடப் போடுவதில்லை. ஆனாலும் இரண்டு மாதக் கணக்கில் 430 யூனிட் வந்திருக்கிறது. மீட்டரில் கோளாறு இருக்குமா? – வாசகி, சத்துவாச்சாரி.

பதில்: மீட்டரைச் சந்தேகிப்பதற்கு முன் உங்கள் குளியலறையைப் பாருங்கள், சகோதரி. வீட்டில் நால்வர் என்று எழுதியிருக்கிறீர்கள். மார்கழி விடியலில் மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் 24 டிகிரி அளவில் இருப்பதாகக் கொள்வோம். இருபது லிட்டர் பிடிக்கும் ஒரு வாளித் தண்ணீரை 40 டிகிரிக்குக் கொண்டுவர ஒரு யூனிட்டில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாகச் செலவாகும். நான்கு பேருக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை யூனிட். அறுபது நாளைக்கு 90 யூனிட். பழைய வகை மின்விசிறி 75 வாட் இழுக்கும். இரண்டு மின்விசிறிகளை இரவு பத்து மணி நேரம் நிறுத்தி வைத்தால் இரண்டு மாதத்தில் மிச்சமாவதும் அதே 90 யூனிட்தான். ஆக, மின்விசிறியை நிறுத்திச் சேமித்ததைக் கீசர் அப்படியே வாங்கிக்கொள்கிறது.

கீசரின் சுவிட்சைக் காலையில் போட்டுவிட்டு இரவு வரை அணைக்காமல் விடும் பழக்கம் நம் வீடுகளில் நிறையவே உண்டு. உள்ளே இருக்கும் நீர் ஆற ஆற அது தானாகவே மீண்டும் சுடவைக்கும். யாரும் குளிக்காமலே நாளொன்றுக்குச் சுமார் அரை யூனிட் இப்படிப் போகும். இரண்டு மாதத்தில் 30 யூனிட். எனவே பதினைந்து நிமிடம் முன்பு போடுங்கள், எல்லோரும் அடுத்தடுத்துக் குளியுங்கள், பிறகு அணைத்துவிடுங்கள். இருபது லிட்டருக்குப் பதில் பதினைந்து லிட்டர், கொதிக்கக் கொதிக்க இல்லாமல் உடம்புச் சூட்டளவு என்று மாற்றிக்கொண்டால் 90 யூனிட் 55 யூனிட்டாகக் குறையும். இவை இரண்டையும் சேர்த்தால் இரு மாதக் கட்டணத்தில் 300 ரூபாய்க்குக் குறையாமல் மிஞ்சும். குளிர்சாதனப் பெட்டியின் திருகையும் இப்போது ஒன்றிரண்டு எண் குறைத்து வைக்கலாம்.

ஒன்றில் மட்டும் சிக்கனம் கூடாது. கீசருக்குப் பதிலாக மலிவான ஹீட்டர் ராடு வாங்குவோர் அதை இரும்பு, அலுமினிய வாளிகளில் போடவே கூடாது. சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் தண்ணீரில் கை வைக்க வேண்டும். எர்த் இணைப்பு சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் ஒரு முறை காட்டிவிடுங்கள். அந்தச் செலவைத் தள்ளிப்போடாதீர்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: எங்களுடையது கூட்டுக் குடும்பம். கரண்டில் வெந்நீர் வைத்தால் பில் எகிறும், கேஸ் அடுப்பில் வைப்பதுதான் சிக்கனம் என்கிறார் என் மாமியார். எது சரி? – வாசகி, குடியாத்தம்.

பதில்: உங்கள் அத்தையின் கருத்து பரவலாக இருப்பதுதான்; ஆனால் கணக்கு வேறு விதமாக வருகிறது. 14.2 கிலோ சிலிண்டரில் உள்ள எரிவாயு முழுவதும் எரிந்தால் கிடைக்கும் வெப்பம் ஏறத்தாழ 180 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். ஆனால் அடுப்பின் மேல் அண்டாவை வைக்கும்போது அந்த வெப்பத்தில் அறுபது விழுக்காடு அளவுக்கே தண்ணீருக்குள் இறங்கும். மீதி காற்றோடு போய்விடும். எனவே ஒரு சிலிண்டரால் நமக்குக் கிடைப்பது 108 யூனிட்தான். சிலிண்டரின் விலையை 850 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் யூனிட்டுக்கு எட்டு ரூபாய் ஆகிறது. மின்சாரத்தில் கம்பி தண்ணீருக்குள்ளேயே இருப்பதால் வீணாவது மிகக் குறைவு. இரு மாதப் பயன்பாடு 500 யூனிட்டுக்குள் இருக்கும் வீட்டில் மின்சாரத்தின் விலை அந்த எட்டு ரூபாயைத் தொடுவதே இல்லை. ஆகவே 500 யூனிட்டைத் தாண்டாத வரை மின்சாரமே மலிவு.

அத்தையிடம் இதை வாதமாகச் சொல்லாமல், ஒரு சிலிண்டர் முன்பு எத்தனை நாள் வந்தது, இப்போது எத்தனை நாள் வருகிறது என்று நாட்காட்டியில் இருவரும் சேர்ந்து குறித்துப் பாருங்கள். பின்கட்டில் இடமிருந்து, தேங்காய் மட்டையும் கொட்டாங்குச்சியும் வீட்டிலேயே கிடைத்தால் வெளி அடுப்பில் வெந்நீர் வைப்பது எல்லாவற்றிலும் மலிவானது; புகை வீட்டுக்குள் வராமல் இருந்தால் போதும். குழந்தைகளுக்கு இன்னும் எளிய வழி இருக்கிறது. நம் ஊரில் மார்கழியிலும் நண்பகல் வெயில் நன்றாகவே அடிக்கும். அகன்ற பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பி, மூடி, மொட்டை மாடியில் காலையிலேயே வைத்துவிட்டால் பள்ளிவிட்டு வரும் பிள்ளைகள் மாலையில் அதில் குளிக்கலாம். நம் பாட்டிமார் செய்ததுதான்.

கேள்வி: பனி தொடங்கியதிலிருந்து இட்லி மாவு புளிப்பதில்லை. கடை மாவு வாங்கி வாங்கிச் செலவு கூடுகிறது. காய்கறி விலையும் ஒரு நிலையாக இல்லை. – வாசகி, காட்பாடி.

பதில்: மாவைப் புளிக்க வைப்பவை நுண்ணுயிர்கள், அவற்றுக்கு வெதுவெதுப்பு வேண்டும். கோடையில் ஆறேழு மணி நேரத்தில் பொங்கும் மாவுக்கு இப்போது பன்னிரண்டு மணி நேரம்கூடத் தேவைப்படலாம். ஆகவே இரவு ஒன்பது மணிக்கு ஆட்டுவதை மாலை ஐந்து மணிக்கு மாற்றுங்கள். உளுந்தைக் கடைசியில் வெதுவெதுப்பான நீர் தெளித்து ஆட்டி, முந்தைய மாவில் ஒரு கரண்டி சேர்த்துக் கையாலேயே கலக்குங்கள். பிறகு பாத்திரத்தைப் பழைய போர்வையால் சுற்றி அரிசி டிரம்முக்குள் வைத்து மூடிவிடுங்கள். அப்படியும் எழும்பவில்லை என்றால் கொட்டிவிட வேண்டாம். வெங்காயமும் பச்சை மிளகாயும் வதக்கிப் போட்டுக் குழிப்பணியாரமாகச் சுட்டுவிடலாம். சோடா உப்பு வேண்டவே வேண்டாம்.

காய்கறியில் பருவத்தோடு ஒத்துப்போவதே சேமிப்பு. பனிக்காலத்தில் முருங்கை காய்ப்பது குறைந்து விலை ஏறும். முருங்கைதான் வேண்டும் என்ற பிடிவாதத்தைத் தை முடியும் வரை விட்டுவிடுங்கள். கார்த்திகை மழைக்குப் பின் ஏறிய தக்காளி விலை பெரும்பாலும் தையில் இறங்கும்; அதுவரை புளியை வைத்துச் சமாளிக்கலாம். அவரை, பச்சை மொச்சை, முள்ளங்கி, முட்டைக்கோசு, சர்க்கரைவள்ளிக் கிழங்கு ஆகியவை இப்போது தாராளமாக வரும். அணைக்கட்டு என்ற ஊருக்குப் பக்கத்து இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் 2023 இல் புவிசார் குறியீடு பெற்ற நம் மண்ணின் காய். அதையும் பச்சை மொச்சையையும் சேர்த்து ஒரு குழம்பு வைத்தால் அன்றைக்கு வேறு கூட்டு, பொரியல் தேவைப்படாது. உழவர் சந்தையில் அன்றைய விலையைப் பலகையில் எழுதி வைத்திருப்பார்கள். அங்கே வாங்காவிட்டாலும் அந்த விலையைத் தெரிந்துகொண்டு தெருக்கடைக்குப் போனால் பேரம் பேச ஒரு பிடி கிடைக்கும்.

கேள்வி: விடுதியில் தங்கிப் படிக்கிறேன். கை, கால், உதடு எல்லாம் வெடிக்கின்றன. லோஷன், லிப் பாம், ஃபுட் கிரீம் என்று மாதம் 600 ரூபாய் ஆகிறது. – மாணவி, வேலூர்.

பதில்: தம்ளர் அளவு தேங்காய் எண்ணெயும் ஒரு சிறிய டப்பா வாசலினும் இவை மூன்றின் வேலையையும் செய்யும். பூசும் நேரம்தான் முக்கியம்: குளித்து முடித்ததும் உடம்பில் ஈரம் காய்வதற்கு முன் பூசினால் அந்த ஈரம் தோலிலேயே தங்கும், காய்ந்த பிறகு எவ்வளவு விலையுயர்ந்த லோஷன் பூசினாலும் பாதிப் பலன்தான். மிகச் சூடான நீரும் சோப்பும் தோலின் இயற்கையான எண்ணெயைக் கரைத்துவிடும் என்பதால் இரண்டையும் குறையுங்கள். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். ஆகவே குறுகிய வாய் கொண்ட புட்டி வேண்டாம், விரல் நுழையும் டப்பாவில் ஊற்றி வையுங்கள். வெடிப்பில் இரத்தம் கசிந்தாலோ அரிப்பு இருந்தாலோ மருத்துவரிடம் காட்டிவிடுங்கள், மகளே.

கேள்வி: ஸ்வெட்டர், கம்பளி எப்போது வாங்கினால் மலிவு? – வாசகர், ஜோலார்பேட்டை.

பதில்: மாசி பிறந்த பிறகு, கடைக்காரர் மீந்ததைத் தள்ளிவிட விரும்பும் நேரம் அது. ஏலகிரி, ஜவ்வாது மலைமேல் குடியிருப்பவர்களுக்குக் கம்பளி அவசியம். சமவெளியில் இருக்கும் நமக்கு இரண்டு பருத்திப் போர்வைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போர்த்திக்கொண்டாலே போதும். இடையில் தங்கும் காற்று குளிரைத் தடுக்கும்.

கேள்வி: குளிர்காலத்தில் கையில் மிஞ்சுவது பொங்கலோடு கரைந்துவிடுகிறது. கோடையில் மின்கட்டணத்துக்குக் கடன் வாங்குகிறோம். என்ன செய்யலாம்? – வாசகர், ஆற்காடு.

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன், பல வீடுகளின் நிலை இதுதான். பொங்கலுக்கு வேண்டிய வெல்லம், பச்சரிசி, பருப்பு, நெய் ஆகியவற்றை மார்கழி நடுவிலேயே வாங்கிவிடுங்கள். ரேஷன் கடையில் அந்த ஆண்டுப் பரிசுத் தொகுப்பில் என்னென்ன கொடுக்கிறார்கள் என்று விசாரித்துவிட்டு மீதியை மட்டும் வாங்குங்கள். கடைசி நாளுக்கு விட வேண்டியவை கரும்பும் மஞ்சள் கொத்தும் பூவும் மட்டுமே.

மின்கட்டணத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. இரு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால், கூடுதலான யூனிட்டுகளுக்கு மட்டுமன்றி 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கும் கட்டணம் இருமடங்காகிறது. கோடையில் ஏ.சி. ஓடும் வீட்டில் பில் திடீரென்று எகிறுவதற்கு இதுவும் ஒரு காரணம். பனிக்காலத்தில் மிச்சமான யூனிட்டுகளைக் கோடைக்குக் கொண்டுபோக முடியாது, பணத்தைக் கொண்டுபோகலாம். சென்ற சித்திரை, வைகாசிக் கட்டண ரசீதையும் இந்த மார்கழி ரசீதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நான்காக வகுங்கள். அந்தத் தொகையை மார்கழி, தை, மாசி, பங்குனி ஆகிய நான்கு மாதமும் சம்பளம் வந்த அன்றே அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் போட்டுவிடுங்கள். வித்தியாசம் 2,000 ரூபாய் என்றால் மாதம் 500 ரூபாய். கணக்கை உங்கள் மனைவியின் பெயரில் தொடங்கி, பாஸ்புத்தகத்தின் உள்ளட்டையில் ‘கோடைக் கரண்ட்’ என்று எழுதி வையுங்கள்.