டெஸ்க்டாப் பிராசசர் கேள்வி பதில்: இன்னைக்கு ராத்திரி பத்து மணி வரைக்கும்

கோயம்புத்தூர்ல பன்னிரண்டு வருஷமா சிஸ்டம் அசெம்பிள் பண்றேன். கேமுக்கும், ஒரே நேரத்துல பத்து வேலை பார்க்கிறதுக்கும் எந்த பிராசசர்னு கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன். கேட்கும்போது கிராஃபிக்ஸ் கார்டு எது, மானிட்டர் எத்தனை ஹெர்ட்ஸ், ரேம் எத்தனை ஸ்டிக், எஸ்எம்பிஎஸ் (சிஸ்டத்துக்குக் கரண்ட் கொடுக்கிற பெட்டி) என்ன மாடல்னு நாலையும் எழுதிடுங்க. கடைசி ரெண்டைத்தான் எல்லாரும் விட்டுடறீங்க. பாதிப் பிரச்சினை அங்கதான் இருக்கு.

ஈரோடு: அக்கா, ஐ5-12400எஃப், 3060 கார்டு, 16 ஜிபி ரேம். கேம் விட்டு விட்டு ஓடுது. பிராசசரை மாத்திடவா?

வேண்டாம் தம்பி. ஆறு கோர் (தனித்தனியா கணக்குப் போடுற பகுதி), பன்னிரண்டு திரெட் (ஒரே நேரத்துல ஓடுற வேலை வரிசை) இருக்கிற பிராசசர் அது, இன்னும் நல்லாவே ஓடும். முதல்ல டாஸ்க் மேனேஜரைத் திறந்து மெமரி பக்கத்துல எத்தனை ஸ்லாட் பயன்படுதுன்னு பாருங்க. ஒண்ணுன்னு காட்டினா, 16 ஜிபியும் ஒரே ஸ்டிக்ல இருக்கு. பிராசசருக்கு டேட்டா வர்ற ரெண்டு வழியில ஒண்ணு அடைச்சுக் கிடக்கு. அதே மாடல் இன்னொரு ஸ்டிக் போட்டாலே திக்கல் பெருமளவு குறையும்.

அதுக்கப்புறமும் திக்கினா, கேம் ஓடும்போது கார்டோட உபயோகம் எத்தனை சதவீதம்னு பாருங்க. 97, 98-ல நின்னா கார்டுதான் தடை. 60-ல நின்னு ஃப்ரேமும் (வினாடிக்குத் திரையில வர்ற படங்கள்) குறைவா இருந்தா பிராசசர் பக்கம் சந்தேகப்படலாம். ரெசொல்யூஷனைக் குறைச்சுப் பாருங்க. குறைச்சும் ஃப்ரேம் ஏறலைன்னா சந்தேகம் உறுதி. எஸ்எம்பிஎஸ் மாடல் எழுதலையே, அதையும் பார்த்துச் சொல்லுங்க.

மதுரை, கல்லூரி மாணவர்: இப்போ கார்டு வாங்கக் காசு இல்லை. கிராஃபிக்ஸ் உள்ளேயே இருக்கிற ரைசன் 5 5600ஜி போட்டு ஓட்டிட்டு அடுத்த வருஷம் கார்டு வாங்கலாமா?

அடுத்த வருஷம் கார்டு நிச்சயம்னா 5600ஜி வேண்டாம். பேர்ல ஒரு எழுத்துதான் கூட, ஆனா சாதா 5600-ல எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கிற சின்ன, வேகமான மெமரி) 32 எம்பி, 5600ஜி-ல 16 எம்பிதான். கார்டு மாட்டினதும் அந்தக் குறை தெரியும். ஏஎம்5 (பிராசசர் உட்கார்ற சாக்கெட் வகை) போர்டுல ரைசன் 5 7600 போடுங்க. அதுக்குள்ளேயே சின்ன கிராஃபிக்ஸ் இருக்கு, படிப்புக்கும் படம் பார்க்கவும் போதும். கூலரும் பெட்டியிலேயே வரும். ஆனா கார்டு வர்ற வரைக்கும் பெரிய கேமை மறந்துடணும். கார்டே வாங்கப் போறதில்லைன்னா 8600ஜி. 2025 கடைசியில இருந்து ரேம் விலை எகிறிக் கிடக்கு, அதையும் கணக்குல சேர்த்துக்கோங்க. மிச்சம் பிடிக்கிறேன்னு எஸ்எம்பிஎஸ்ல மட்டும் கை வைக்காதீங்க.

திருநெல்வேலி: கேமிங் லேப்டாப் ஒண்ணு சொல்லுங்க.

லேப்டாப் என் துறை இல்லைங்க. அது தெரிஞ்சவங்ககிட்ட கேளுங்க.

சென்னை: ஐ9-14900கே-ல 24 கோர், 6 கிகாஹெர்ட்ஸ். ரைசன் 7 9800எக்ஸ்3டி-ல வெறும் 8 கோர், 5.2. ஆனா ரெண்டாவதுதான் கேமுக்கு உசத்தின்னு எல்லாரும் சொல்றாங்க. கணக்கு உதைக்குதே?

எனக்கு ரொம்பப் பிடிச்ச கேள்வி, அதனால நீளமா எழுதறேன். அந்த 24-ல பெரிய கோர் எட்டுதான், மீதி பதினாறும் சின்ன கோர். ஆக, பெரிய கோர் எட்டுக்கு எட்டு. கேம்ல எதிரி எங்க நிக்கிறான், குண்டு எங்க பட்டுச்சுன்னு ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ஒரு முக்கியத் திரெட் கணக்குப் போடுது. ஒண்ணு முடிஞ்சாத்தான் அடுத்தது. அதை இருபது பேருக்குப் பங்கு போட்டுக் கொடுக்க முடியாது.

சமையல்கட்டுல தாளிக்கிறதை நினைச்சுக்கோங்க. கடுகு அஞ்சறைப் பெட்டியில இருந்தா கையை நீட்டி எடுத்துடலாம். இல்லைன்னா எண்ணெய் காஞ்சிட்டிருக்க மளிகைக் கடைக்கு ஓடணும். கை எவ்வளவு வேகமா இருந்தாலும் கடுகு வர்ற வரைக்கும் நிக்கத்தான் வேணும். கையோட வேகம்தான் கிகாஹெர்ட்ஸ், மளிகைக் கடை ரேம், அஞ்சறைப் பெட்டி எல்3 கேஷ். 14900கே-ல அது 36 எம்பி. 9800எக்ஸ்3டி-ல 96 எம்பி.

இது வெறும் உவமை இல்லை. 2022 ஏப்ரல்ல 5800எக்ஸ்3டி வந்துச்சு. பழைய 5800எக்ஸ்ல இருந்த அதே எட்டு கோர்தான். உச்ச வேகம் 4.7-ல இருந்து 4.5-ஆ குறைஞ்சிடுச்சு. கேஷ் மட்டும் 32-ல இருந்து 96. வேகம் குறைஞ்ச சிப்தான் கேம்ல முந்துச்சு. அப்போ அந்தக் கேஷை கோருக்கு மேல அடுக்கியிருந்தாங்க, சூடு வெளியேற வழி கம்மி. 2024 நவம்பர்ல வந்த 9800எக்ஸ்3டி-ல அதைக் கோருக்கு அடியில கொண்டு போயிட்டாங்க. அதனாலதான் வேகத்தையும் ஏத்த முடிஞ்சுது.

சென்னை (அதே ஆள்): எக்ஸ்3டி முந்துதுன்னு காட்டுற டெஸ்ட் எல்லாம் 4090 கார்டு மாட்டி, 1080பி-ல, அதாவது 4கே-யை விடக் குறைஞ்ச ரெசொல்யூஷன்ல எடுக்கிறது. வீட்ல யாரு அப்படி ஆடறா? 4கே-ல எல்லாம் ஒண்ணுதான். ஏமாத்து வேலை.

ஏமாத்து வேலைங்கிறதை ஒத்துக்க மாட்டேன். 4கே-ல கார்டு திணறும். எந்த பிராசசர் போட்டாலும் கார்டு எவ்வளவு தருமோ அவ்வளவுதான் ஃப்ரேம். அதுல பிராசசரைப் பத்தி என்ன தெரியும்? 1080பி-ல கார்டு வழிவிடும், பிராசசரோட சொந்த பலம் தெரியும். ரெண்டு தடவை கார்டு மாத்தற வரைக்கும் ஒரே பிராசசரை வெச்சிருக்கிறவங்கதான் அதிகம். அப்போ இந்த பலம் வேணும். ஆனா நீங்க சொல்றதுல பாதி நிஜம். 4கே, 60 ஹெர்ட்ஸ் மானிட்டர்தான்னா 7600 போதும். மிச்சக் காசைக் கார்டுல போடுங்க.

யாழ்ப்பாணம்: நான் 4கே-ல தான் ஃப்ளைட் சிமுலேட்டர் ஓட்டுறனான் அக்கா. 5800எக்ஸை மாத்தி எக்ஸ்3டி போட்டாப் பிறகு, பெரிய நகரத்துக்கு மேல பறக்கேக்க வந்த திக்கல் இல்லாமப் போட்டுது.

இதைத்தான் சொல்ல வந்தேன், நன்றி. சராசரி ஃப்ரேம் ஒண்ணா இருந்தாலும் நடுவுல விழற பள்ளம்தான் கண்ணை உறுத்தும். சிமுலேட்டர்ல அந்தப் பள்ளத்தைக் கேஷ் நல்லா நிரப்பும்.

சென்னை (மறுபடியும்): சரி, ஆனா நான் பிளெண்டர்ல (3டி மென்பொருள்) ரெண்டர் ஓடவிட்டு வீடியோ எடிட்டும் பண்றவன்.

அதை முதல்லயே சொல்லியிருக்கணும்! ரெண்டர்னா கோர் எண்ணிக்கைக்கு முழு மதிப்பு உண்டு, அங்க நீங்க சொன்னது சரி. ரெண்டும் வேணும்னா ரைசன் 9 9950எக்ஸ்3டி, பதினாறு கோர். ஆனா ரெண்டு துண்டா இருக்கிற அதுல ஒரு துண்டுக்குத்தான் பெரிய கேஷ். சிப்செட் டிரைவரும் விண்டோஸோட கேம் பாரும் புதுசா இருக்கணும், இல்லைன்னா கேம் தப்பான துண்டுல போய் உட்காரும். 14900கே எடுத்தா 253 வாட் வரைக்கும் இழுக்கும். நல்ல போர்டு, பெரிய கூலர், தரமான எஸ்எம்பிஎஸ் மூணும் கேட்கும்.

கரூர்: 12400எஃப்ல கேம் திக்குது, பிராசசர் மாத்தலாமா?

ஈரோட்டுத் தம்பிக்கு எழுதினதைப் படிங்க.

சேலம்: ரெண்டாம் கையா 13900கே வருது. அந்த வோல்டேஜ் பிரச்சினை தீர்ந்துடுச்சா?

புதுசா வாங்கினவங்களுக்குப் பெரும்பாலும் தீர்ந்துச்சு. ரெண்டாம் கைக்கு நான் சம்மதிக்க மாட்டேன். 13, 14-வது தலைமுறையில பிராசசர் தேவைக்கு மேல வோல்டேஜ் கேட்டு வாங்கி, நாளடைவுல பழுதாகுதுன்னு 2024-ல இன்டெல்லே ஒத்துக்கிட்டாங்க. ஆகஸ்ட்ல 0எக்ஸ்129, செப்டம்பர்ல 0எக்ஸ்12பினு மைக்ரோகோட் (போர்டோட அடிப்படை மென்பொருளான பயாஸ் வழியா சிப்புக்கு வர்ற திருத்தம்) வந்துச்சு, வாரண்டியையும் ரெண்டு வருஷம் நீட்டினாங்க. ஆனா ஏற்கனவே கெட்டுப்போன சிப்பை எந்த அப்டேட்டும் சரிபண்ணாது. முன்னாடி வெச்சிருந்தவர் பயாஸ் அப்டேட் பண்ணாம எத்தனை மாசம் ஓட்டினார்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?

தஞ்சாவூர்: ரைசன் 7600எக்ஸ் 95 டிகிரி போகுது, பயமா இருக்கு.

95-ஐத் தொடுற மாதிரிதான் அதை வடிவமைச்சிருக்காங்க, பயப்படாதீங்க. மனசு கேட்கலைன்னா பயாஸ்ல ஈகோ மோடு 65 வாட் போடுங்க. கேம்ல பெரிசா குறையாது.

திருப்பூர்: டிடிஆர்5 நாலு ஸ்டிக் போட்டா இன்னும் வேகமா?

இல்லைங்க. ஏஎம்5-ல நாலு ஸ்டிக் போட்டா வேகம் கீழ இறங்கும். 6000 வேகத்துல ரெண்டே ஸ்டிக் போடுங்க, பயாஸ்ல எக்ஸ்போவை (ரேமை அந்த வேகத்துல ஓடவிடற செட்டிங்) ஆன் பண்ண மறக்காதீங்க.

ஓசூர்: 12400எஃப் நல்லதா?

மூணாவது தடவை. மேல போய்ப் படிங்க, தயவுசெஞ்சு.

வேலூர்: எஸ்எம்பிஎஸ் எஸ்எம்பிஎஸ்னு ஏன் இத்தனை தடவை? பிராசசர் பத்தித்தானே பேச்சு?

ஒருத்தர் கேம் லோடு ஆகும்போதெல்லாம் சிஸ்டம் ஆஃப் ஆகுதுன்னு பிராசசரை மாத்தினார், அப்புறம் போர்டை மாத்தினார். கடைசியில என்கிட்ட கொண்டு வந்தார். எஸ்எம்பிஎஸைக் கழட்டி உள்ளங்கையில வெச்சேன், காலி டிபன் பாக்ஸ் மாதிரி கனமே இல்லை. மேல 600 வாட்னு ஸ்டிக்கர். வேற ஒண்ணு மாட்டினதும் சரியாயிடுச்சு. பழைய பிராசசர் நல்லாத்தான் இருந்துச்சு, அதைப் பாதி விலைக்கு வித்துட்டார். அதனாலதான் கேட்கிறேன்.

நாமக்கல்: அக்கா அவசரம். ரைசன் 3600-ல கூலருக்கு அடியில தடவுற பேஸ்ட்டை மாத்தக் கூலரை இழுத்தேன், பிராசசரும் ஒட்டிக்கிட்டு வந்துடுச்சு. கை நடுங்குது.

ஏஎம்4-ல நிறையப் பேருக்கு நடந்திருக்கு, பதறாதீங்க. கூலரைக் கவிழ்த்து மேசை மேல வைங்க. ஹேர் டிரையர்ல ரெண்டு நிமிஷம் சூடு காட்டி, பிராசசரோட விளிம்பைப் பிடிச்சு மெதுவா திருகுங்க, நெம்பாதீங்க. கழண்டதும் பின் வரிசையைக் கண்ணுக்கு நேரா பிடிச்சு நாலு பக்கமும் பாருங்க. சாஞ்ச பின் இருந்தா, லெட் எடுத்த மைக்ரோ டிப் பென்சிலோட முனையை அது மேல செருகி, கொஞ்சம் கொஞ்சமா நிமிர்த்துங்க. ஒரே மூச்சுல வளைச்சா ஒடிஞ்சிடும். திருப்பி வைக்கும்போது லீவரைத் தூக்கி, மூலையில இருக்கிற முக்கோணக் குறியைப் பொருத்தினா தானா இறங்கணும். விரலால அழுத்தித்தான் இறங்குதுன்னா இன்னொரு பின் சாஞ்சிருக்குன்னு அர்த்தம்.

நாமக்கல்: மூணு பின் சாஞ்சிருக்கு. மணி பத்தாயிடுச்சே அக்கா.

பரவாயில்லை, முழிச்சுத்தான் இருக்கேன். லைட்டைக் கிட்ட வெச்சுக்கிட்டு முதல் பின்னை நிமிர்த்திட்டு எழுதுங்க.