ஓடிக்கொண்டே நின்றுபோகும் பழைய பிக்கப்: கேள்விகளும் பதில்களும்

வணக்கம். நாமக்கல்லில் வண்டிகளின் டீசல் பம்ப், எஞ்சினுக்குள் டீசலைப் பீச்சும் நாசில் இவற்றைப் பழுது பார்க்கும் வேலை செய்கிறேன். ஓடும்போதே நின்றுபோகும் பழைய டீசல் பிக்கப் பற்றி இன்று கேளுங்கள். கேட்பதற்கு முன் ஒன்றை மட்டும் நினைவுபடுத்திப் பாருங்கள். வண்டி எப்படி நின்றது? திணறித் திணறி நின்றதா, சாவியை அணைத்த மாதிரி சட்டென்று நின்றதா? திணறி நின்றால் முதலில் டீசல் வரும் வழியைப் பார்க்க வேண்டும். சட்டென்று நின்றால் முதலில் ஒயரைப் பார்க்க வேண்டும். இதைக் கேட்காமலே பம்ப்பை இறக்குகிறவர்களிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

கேள்வி (காய்கறி ஏற்றுபவர், ஓட்டன்சத்திரம்): அண்ணே, என்னுடையது 2009 மாடல் டாடா 207 பிக்கப். லோடோடு கிளம்பினால் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் நன்றாக ஓடுகிறது. அப்புறம் இழுவை குறைந்து, விக்கி விக்கி நின்றுவிடுகிறது. கால் மணி நேரம் கழித்து அடித்தால் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகிறது. டீசல் ஃபில்டர் புதுசு. மெக்கானிக் பம்ப்பை இறக்கச் சொல்கிறார். இறக்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம் தம்பி. நீங்கள் சொல்லும் குணம், டேங்கிலிருந்து டீசல் பம்ப்புக்கு வந்து சேராத குணம். காசு செலவில்லாமல் இரண்டு விஷயம் பாருங்கள்.

முதலாவது, டேங்க் மூடி. டீசல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று உள்ளே போக வேண்டும். அதற்காக மூடியில் சின்னத் துவாரம் இருக்கும், இல்லையென்றால் டேங்கின் மேலே தனியாக ஒரு காற்றுக்குழாய் இருக்கும். மண்ணும் டீசல் பிசுக்கும் சேர்ந்து அதை அடைத்துவிடும். பழைய மூடி தொலைந்து, துவாரமே இல்லாத வேறு வண்டி மூடியைப் போட்டு ஓட்டுகிறவர்களும் உண்டு. காற்று போகாவிட்டால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகும், டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சி மெயின் பம்ப்புக்கு அனுப்பும் ஃபீட் பம்ப் எவ்வளவு இழுத்தாலும் டீசல் வராது. அடுத்த முறை வண்டி நின்ற கையோடு மூடியைத் திறந்து காதை வைத்துக் கேளுங்கள். ‘புஸ்’ என்று காற்று உள்ளே போனால், டீசலைக் கையால் ஏற்றும் ஹேண்ட் பம்ப்பைக் கொஞ்சம் அடித்ததுமே வண்டி ஸ்டார்ட் ஆனால், குற்றவாளி மூடிதான்.

சத்தம் வரவில்லையென்றால் இரண்டாவது, டேங்குக்குள் இருக்கும் உறிஞ்சு குழாயும் அதன் முனையில் உள்ள சல்லடையும். பதினைந்து வருஷ டேங்கில் துரு, தூர், கேனில் ஊற்றும்போது விழுந்த பாலித்தீன் துண்டு, துணி நூல் எல்லாம் கிடக்கும். எஞ்சின் இழுக்க இழுக்க அவை சல்லடையில் போய் ஒட்டிக்கொள்ளும். எஞ்சின் நின்றதும் இழுப்பு இல்லாமல் மெதுவாக உதிர்ந்து அடியில் படியும். நீங்கள் காத்திருக்கும் கால் மணி நேரத்தில் நடப்பது இதுதான். ஃபீட் பம்ப்புக்கு வரும் ஹோஸைக் கழற்றி, டேங்க் மூடியைத் திறந்து வைத்துவிட்டு, சைக்கிள் பம்ப்பால் டேங்கைப் பார்த்து ஊதுங்கள். உள்ளே குபுகுபுவென்று கேட்க வேண்டும். பஞ்சர் கடைக் கம்ப்ரஸரை முழு வேகத்தில் வைக்காதீர்கள், பழைய ஹோஸ் கிழிந்துவிடும். ஊதிய பிறகு வழக்கமாக நிற்கும் தூரத்தைத் தாண்டி ஓடுகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

அவரே மறுபடியும்: மூடியில் சத்தம் இல்லை அண்ணே. ஊதும்போது முதலில் காற்றே போகவில்லை. அழுத்தி ஊதியதும் ‘பொத்’தென்று விட்டுக்கொடுத்தது. இப்போது திண்டுக்கல் போய்த் திரும்பிவிட்டேன், நிற்கவில்லை.

பதில்: பிடித்துவிட்டீர்கள். ஆனால் அந்தக் குப்பை டேங்கை விட்டு வெளியே போகவில்லை, மறுபடியும் வந்து ஒட்டும். டேங்கை இறக்கிக் கழுவி, சல்லடையைச் சுத்தம் செய்து, ஃபில்டரையும் இன்னொரு முறை மாற்றிவிடுங்கள். டேங்கில் ஓட்டை தெரிந்தால் அங்கேயே வெல்டிங் வைக்க விடாதீர்கள். டீசல்தானே என்று நினைப்பார்கள். காலி டேங்கில் தங்கும் ஆவி வெடித்து ஆளைக் கொல்லும்.

கேள்வி (பால் கேன் எடுப்பவர், திருவண்ணாமலை): காலையில் ஹேண்ட் பம்ப்பை நாலு அடி அடித்தால்தான் ஸ்டார்ட் ஆகிறது. மேடு ஏறும்போது சில நாள் இறுமி நின்றுவிடுகிறது. ஆனால் எங்கேயும் ஒரு சொட்டு டீசல் ஒழுகவில்லை சார்.

பதில்: ஒழுகாததால்தான் யாருக்கும் தெரிவதில்லை. டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரை உள்ள லைன் உறிஞ்சும் லைன். அதில் கீறல் இருந்தால், ஓடும்போது டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். ராத்திரி நிற்கும்போது அதே கீறல் வழியாகக் காற்று புகுந்து டீசல் டேங்குக்குத் திரும்பி இறங்கிவிடும். காலையில் நீங்கள் ஹேண்ட் பம்ப் அடிப்பது அதைத் திரும்ப ஏற்றத்தான்.

டீசல் தாங்கும், உள்ளே போவது வெளியே தெரியும் கண்ணாடி ஹோஸ் ஒரு முழம் வாங்கி, ஃபீட் பம்ப்புக்கு முன்னால் லைனில் சேர்த்து, எஞ்சினை ஓடவிட்டுப் பாருங்கள். சுத்தமான டீசல் மட்டும் போக வேண்டும். நுரை நுரையாகக் குமிழ் வந்தால் காற்று இழுக்கிறது. அங்கிருந்து டேங்கை நோக்கி ஒவ்வொரு இணைப்பாகப் போங்கள். ஹோஸை விரலால் மடக்கினால் வெடிப்பு தெரியும். கிளிப் தளர்ந்திருக்கும். பேன்ஜோ போல்ட்டின் (நடுவில் டீசல் போகும் துளை உள்ள இணைப்பு போல்ட்) காப்பர் வாஷரை ஃபில்டர் மாற்றும்போது பழையதையே திரும்பப் போட்டிருப்பார்கள். அந்த வாஷரை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுங்கள், விலை ஒரு டீக்குக்கூட ஆகாது. சரிசெய்ததும் கண்ணாடி ஹோஸை எடுத்துவிட்டு நல்ல டீசல் ஹோஸ் போட்டுவிடுங்கள். அது பார்ப்பதற்கு மட்டும்தான், வெயிலில் இறுகி வெடிக்கும்.

கேள்வி (கிளிநொச்சி): அண்ணை, 94ஆம் ஆண்டு டொயோட்டா ஹைலக்ஸ் கெப் (பிக்கப்), டீசல். ஏ-9 வீதியில் போய்க்கொண்டிருக்கும்போது சட்டென்று நிற்கிறது. எந்தத் திணறலும் இல்லை. சில வேளை திறப்பை (சாவியை) மூடித் திறந்தால் உடனே ஸ்டார்ட் ஆகிறது, சில வேளை ஆகாது. கராஜில் நாசில் எல்லாம் பார்த்துவிட்டார்கள்.

பதில்: நாசில் நான்கும் ஒரே நொடியில் கெடாது. உங்கள் எஞ்சினில் இருப்பது ரோட்டரி பம்ப். அதன் தலையில் ஒற்றை ஒயர் போகும் சின்ன சோலினாய்டு, அதாவது கரண்டில் இயங்கும் வால்வு ஒன்று இருக்கும். சாவி போட்டிருக்கும் வரை அதற்கு 12 வோல்ட் வர வேண்டும். வந்தால் டீசல் வழி திறந்திருக்கும். கரண்ட் போன நொடியில் ஸ்பிரிங் வழியை மூடிவிடும், எஞ்சின் நின்றுவிடும்.

எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் திறப்பை மட்டும் போட்டு, ஒருவர் பம்ப் பக்கத்தில் நின்று கேட்கட்டும். ‘டக்’ என்று தெளிவாகக் கேட்க வேண்டும். அடுத்த முறை வண்டி நின்றதும் திறப்பை மூடாமல் அந்த ஒயரில் டெஸ்ட் லாம்ப் வையுங்கள். எரியவில்லை என்றால் ஃப்யூஸ், இக்னிஷன் சுவிட்ச், இடையில் எங்கோ உரசிய ஒயர். உங்களுக்கு இதுதான் என்று எனக்குப் படுகிறது, ஏனென்றால் திறப்பை மூடித் திறந்ததும் சரியாகிறது. முப்பது வருஷமாகத் திருகிய சுவிட்சின் உள்தகடு தேய்ந்திருக்கும். திறப்போடு ஒரு கொத்தையே தொங்கவிட்டு ஓட்டினால் இன்னும் சீக்கிரம் தேயும். லாம்ப் எரிந்தும் எஞ்சின் பிடிக்கவில்லை என்றால் சோலினாய்டையே மாற்ற வேண்டும்.

பேட்டரியிலிருந்து நேராக ஒரு ஒயரை அதில் கொடுத்து வீடு வந்து சேரலாம், நடுவில் ஃப்யூஸ் வைத்து. அப்படியே விட்டுவிடாதீர்கள். ஏதாவது அவசரமென்றால் திறப்பை மூடினாலும் எஞ்சின் நிற்காது.

கேள்வி (உப்பு ஏற்றுபவர், தூத்துக்குடி): ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கினால் ஆஃப் ஆகிறது. டேஷ்போர்டு லைட்டும் ஒரு தடவை சிமிட்டுகிறது.

பதில்: லைட்டும் சேர்ந்து சிமிட்டுவதே விடை. பேட்டரி டெர்மினல், சேஸில் போல்ட் போட்டிருக்கும் எர்த் ஒயர், மெயின் ஃப்யூஸ் இருக்கும் இடம், இந்த மூன்றையும் கழற்றிப் பாருங்கள். உப்பு ஏற்றும் வண்டியில் எர்த் ஒயரின் உள்கம்பி பச்சை பூத்துப் பொடியாகியிருக்கும், மேல் உறை மட்டும் முழுசாகத் தெரியும். அதனால் பார்த்தால் போதாது, வளைத்துப் பாருங்கள். புது ஒயர் போட்டு, சேஸில் பெயின்ட்டைச் சுரண்டி வெற்று இரும்பில் இறுக்கி, மேலே கிரீஸ் தடவிவிடுங்கள். எஞ்சினை ஐடிலிங்கில் விட்டு, ஒயர் கட்டுகளைக் கையால் ஆட்டிப் பாருங்கள். எங்கே ஆட்டும்போது நிற்கிறதோ அங்கேதான் கோளாறு.

கேள்வி (கோவை): 2013 அசோக் லேலண்ட் தோஸ்த் பிக்கப். வெயில் நேரத்தில், எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு டக்கென்று நிற்கிறது. ஆறிய பிறகு ஸ்டார்ட் ஆகிறது. காலையில் பிரச்சினையே இல்லை.

பதில்: இது காமன் ரெயில் வண்டி, அதாவது எல்லா நாசிலுக்கும் பொதுவான ஒரே குழாயில் (ரெயில்) அதிக பிரஷரில் டீசல் நிற்கும், கம்ப்யூட்டர் அதைக் கட்டுப்படுத்தும். மேலே கிளிநொச்சிக்காரருக்குச் சொன்ன சோலினாய்டுக் கதை இதற்குப் பொருந்தாது. முதல் சந்தேகம் எஞ்சினின் கிராங்க் தண்டு சுற்றுவதைக் கவனிக்கும் கிராங்க் சென்சார். எஞ்சின் சுற்றுகிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வது அதுதான். உள்ளே இருக்கும் சுருள் சூட்டில் விட்டுப்போய், ஆறியதும் மறுபடி சேரும். நின்ற பிறகு சூடாக இருக்கும்போதே ஸ்டார்ட்டர் அடித்து, வண்டிக் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரில் ஆர்.பி.எம். (எஞ்சின் சுற்றும் வேகம்) பாருங்கள். எஞ்சின் சுற்றும்போதும் பூஜ்யம் காட்டினால் சென்சாரையும் அதன் கனெக்டரையும் பார்க்க வேண்டும். பி0335 என்ற கோளாறுக் குறியீடு பதிவாகியிருந்தாலும் இதே பக்கம்தான். பி0087 என்று வந்தால் ரெயிலில் பிரஷர் குறைகிறது என்று அர்த்தம். அப்போது ஃபில்டரிலிருந்து தொடங்குங்கள். ஆறின வண்டியைப் பட்டறையில் விட்டு ‘ஒன்றும் இல்லை’ என்று வாங்கி வராதீர்கள், சூடாக நிற்கும்போதே பார்க்கச் சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பழைய பம்ப் வண்டியில் ஏர் எடுக்க நாசில் நட்டைத் தளர்த்துவோமே, அதைக் காமன் ரெயிலில் எஞ்சின் ஓடும்போது செய்யவே கூடாது. ஆயிரம் பாருக்கு மேல் பிரஷர் போகும். அந்த டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கும், கையையே எடுக்க வேண்டி வரும்.

கேள்வி (தருமபுரி): ஐயா, அப்பா ஓட்டும் வண்டி சிக்னலில் கிளட்ச் மிதித்ததும் ஆஃப் ஆகிறது. ஓட்டத்தில் நிற்பதில்லை. டீசல் மிச்சம் என்று தொப்பூர் இறக்கத்தில் அவரே எஞ்சினை அணைத்துவிட்டு நியூட்ரலில் விடுகிறார். அதனால்தான் இப்படி ஆகிறதா?

பதில்: சிக்னலில் நிற்பதற்குக் காரணம் அது இல்லை அம்மா. ஐடிலிங் (ஆக்சிலேட்டர் மிதிக்காதபோது எஞ்சின் சுற்றும் வேகம்) குறைந்திருக்கும், ஆக்சிலேட்டர் கேபிள் சரியாக இல்லாமல் இருக்கும், ஏர் ஃபில்டரோ டீசல் ஃபில்டரோ பாதி அடைத்திருக்கும். புகையில் ஒரு பங்கை எஞ்சினுக்கே திருப்பி விடும் இ.ஜி.ஆர். வால்வு உள்ள வண்டி என்றால் அது கரி பிடித்துத் திறந்தபடி நிற்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். எல்லாம் சின்ன வேலைதான்.

எனக்குப் பதறுவது நீங்கள் சொன்ன இரண்டாவது விஷயம். இந்த வண்டிகளில் பிரேக்குக்கு உதவும் வேக்யூம், எஞ்சின் சுற்றினால்தான் உண்டாகும். எஞ்சின் நின்றால் தேங்கியிருக்கும் வேக்யூமில் இரண்டு மூன்று மிதி வரும். அதற்குப் பிறகு பெடல் கல் மாதிரி ஆகிவிடும். நியூட்ரலில் எஞ்சின் பிடிமானமும் இல்லை. தொப்பூர் இறக்கத்தில் எத்தனை விபத்து நடந்திருக்கிறது என்று தருமபுரிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்: கியரில் வைத்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், இறக்கத்தில் பம்ப் அநேகமாக டீசலே விடாது. அணைப்பதால் மிச்சம் ஒன்றுமில்லை.

ஓடும்போது வண்டி தானாக நின்றால் என்ன செய்வது என்று எல்லோருக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காதீர்கள், ஒரே சீராக அழுத்திப் பிடியுங்கள். பவர் ஸ்டியரிங் என்றால் கனக்கும், இரண்டு கையாலும் திருப்பி ஓரம் கட்டுங்கள். வண்டி முழுசாக நிற்கும் வரை சாவியை உருவாதீர்கள், ஸ்டியரிங் லாக் ஆகிவிடும்.

கேள்வி (கடலூர்): மழையில் தெருத் தண்ணீரில் ஓட்டிய பிறகு விக்குகிறது, நிற்கிறது.

பதில்: டீசலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பாருங்கள். டீசல் ஃபில்டர் அடியில் இருக்கும் வடிகால் திருகைத் தளர்த்தி ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள். பத்து நிமிஷம் அசையாமல் வையுங்கள். தண்ணீர் அடியில் தனியாக நிற்கும். இரண்டுக்கும் நடுவில் கறுப்பாகக் கோழை மாதிரி இருந்தால் டேங்கில் கிருமி வளர்ந்திருக்கிறது, கழுவாமல் தீராது. தண்ணீரோடு ஓட்டாதீர்கள், உங்கள் வண்டியில் பம்ப்பும் நாசிலும் நன்றாக இருந்தாலும் அதுவே கெடுத்துவிடும்.

கேள்வி (வேலூர்): டீசலோடு கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்தால் அடைப்பு போகும் என்கிறார்களே?

பதில்: போகாது. பம்ப்புக்கு உள்ளே வழுவழுப்பு கொடுப்பது டீசல்தான். மண்ணெண்ணெய்க்கு அந்தப் பசை போதாது, பம்ப் தேயும்.

கேள்வி (மிளகு ஏற்றுபவர், கொல்லிமலை): நேற்று ஏற்றத்தில், பாதி வளைவு தாண்டியதும் எஞ்சின் பாரமாகி, ஏதோ பிடித்து இழுத்த மாதிரி நின்றது. டெம்பரேச்சர் முள் கீழேதான் இருந்தது, அதனால் சூடு இல்லை என்று நினைக்கிறேன். ஸ்டார்ட்டர் அடித்தால் ‘டொக்’ என்கிறது, சுற்றவில்லை. டீசல் லைன்தானா?

பதில்: டீசல் லைன் இல்லை, எஞ்சின் சூடேறி இறுகிப்போயிருக்கலாம். மேற்கொண்டு ஸ்டார்ட்டர் அடிக்காதீர்கள், தள்ளியும் பார்க்காதீர்கள். எழுபது கொண்டை ஊசி வளைவும் ஏற்றம். தண்ணீர் முழுசாகப் போய்விட்டால் முள் கீழேயே நிற்கும், ஏனென்றால் அந்தச் சென்சார் தண்ணீரின் சூட்டைத்தான் காட்டும். தண்ணீரே இல்லாதபோது அதற்கு எதுவும் தெரியாது. இப்போது எஞ்சின் ஆறியிருக்கும், ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீர் இருக்கிறதா பாருங்கள். ஆயில் ஸ்டிக்கை உருவி அளவையும், பால் நிறம் கலந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். அப்புறம் நாசில்களைக் கழற்றச் சொல்லி, முன் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் எஞ்சினைச் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். சுற்றினால் ஹெட்டைக் கழற்றிப் பார்க்கும் வேலையோடு போகலாம். சுற்றவில்லை என்றால் வேறு வண்டியில் ஏற்றி இறக்குங்கள். கயிறு கட்டி இழுத்தால் அந்த இறக்கத்தில் உங்களுக்குப் பிரேக் உதவி இருக்காது.