கொறட்டை விட்டா நிம்மதியான தூக்கமா?

அண்ணா வணக்கம்,
எங்க வீட்டுக்காரர் லாரி டிரைவர், பாலக்கோட்டுல தக்காளி லோடு ஏத்திட்டு மதுரை வரைக்கும் போவாரு. வந்து படுத்தா கொறட்டைல வீடே அதிரும், புள்ளைங்க திண்ணைல போயி படுத்துக்குதுங்க. நடுவுல திடீர்னு சத்தம் நின்னு போயி, அப்புறம் மூச்சு முட்டி 'ஹக்'னு முழிக்கறாரு. மாமியார்கிட்ட சொன்னா "ஒழைச்சவன் கொறட்டை விட்டு நிம்மதியா தூங்கறான், உனக்கென்ன"ங்கறாங்க. அப்பிடிங்களாண்ணா?
- ஒரு வாசகி, பாலக்கோடு பக்கம்

வணக்கம்மா,
உங்க மாமியார் மட்டுமா, நம்ம பக்கம் எல்லாருமே 'கொறட்டை விட்டு தூங்கறான்'னா கவலையில்லாத மனுசன்னுதான் அர்த்தம் பண்றோம், கும்பகர்ணன்னு கேலி வேற. உண்மையில தூங்கறப்ப தொண்டை சதை தளர்ந்து காத்து போற வழி குறுகிடுது, உள்நாக்கும் மேலண்ணத்து மெத்து சதையும் அதுல அதிர்ற சத்தந்தான் கொறட்டை. வெறும் சத்தம்னா மல்லாக்க படுக்காம ஒருக்களிச்சு படுத்தாலே நெறைய பேருக்கு கொறையும்.

எனக்கு திக்னு ஆனது அந்த சத்தம் நிக்கற எடந்தான். அப்ப வழியே அடைச்சுக்குதுன்னு சந்தேகப்படணும், இதுக்கு ஸ்லீப் ஆப்னியான்னு பேரு, தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு போற வியாதி. அப்பிடி 10 செகண்டுக்கு மேல மூச்சு நிக்கறதையும் பாதி அடைபடறதையும் சேத்து கணக்கு எடுப்பாங்க, மணிக்கு 5 தடவைக்கு மேல போனாலே கவனிக்கணும், 30ன்னா ரொம்ப முத்திடுச்சுன்னு அர்த்தம். ஒவ்வொரு தடவையும் மூளை பதறி எழுப்பி விடும், காலைல அவருக்கு ஒண்ணும் ஞாபகம் இருக்காது, ராத்திரி பூரா படுத்தும் தூங்காத கணக்குதான், பிபி ஏறும், பகல்ல கண்ணு சொக்கும், அதுவும் லோடு வண்டியோட தொப்பூர் கணவாய் எறக்கத்துல கண்ணு சொக்குனா என்னாகும்னு நம்ம ஊர்க்காரங்களுக்கு நான் சொல்லணுமா.

அவர்கிட்ட கேட்டா 'நானா? கொறட்டையா?'ம்பாரு. (எல்லா ஆம்பளைங்களும் அதான் சொல்றோம்.) அதனால ராத்திரி ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணி, தர்மபுரி மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரில ஈஎன்டி டாக்டர்கிட்ட காட்டுங்க, தூங்கறப்ப மூச்சு எப்பிடி போகுதுன்னு பாக்கற ஸ்லீப் ஸ்டடின்னு ஒரு டெஸ்ட் இருக்கு, எங்க எடுக்கறதுன்னு அவங்களே சொல்வாங்க. வியாதிதான்னு உறுதியானா மூக்குல மாஸ்க் மாட்டி காத்து அழுத்தத்துல வழிய தொறந்து வைக்கற சீபேப் மெஷின் இருக்கு, ஆஸ்திரேலியா டாக்டர் காலின் சலிவன் 1981லயே எழுதி வெளியிட்டது.

படுக்கறதுக்கு முன்னாடி குவாட்டர் போடற பழக்கம் இருந்தா நிறுத்த சொல்லுங்க, அது சதைய இன்னும் தளர்த்தும். நல்லா தூங்கட்டும்னு மெடிக்கல்ல தூக்க மாத்திரை வாங்கி குடுத்துடாதீங்க, அதுவும் அதே வேலையத்தான் பண்ணும்.