மகன் அனுப்பிய கதைக்குப் பதில் போட்டீர்களா?

கேள்வி: அமெரிக்காவில் ஒரு சிற்றூர்க் கல்லூரியிலிருந்து வெளிவரும் இலக்கியக் காலாண்டிதழுக்குப் பத்து ஆண்டுகளாக ஆசிரியராக இருக்கிறேன். வயது 41. பத்திரிகையை விட்டால்தான் குடும்பம் என்கிறார் கணவர். பிரிவது என்று ஏறக்குறைய முடிவாகிவிட்டது. ஒன்பது வயது மகன் வார நாட்களில் அப்பாவிடமும், சனி ஞாயிறுகளில் என்னிடமும் இருக்கட்டும் என்று நினைக்கிறேன். 'நியூயார்க்கர்' பத்திரிகையில் அந்தக் காலத்தில் ஆசிரியராக இருந்த கேத்தரின் ஒயிட் வீட்டிலும் இதே ஏற்பாடுதான். அவருடைய மகன் ரோஜர் பின்னாளில் அதே பத்திரிகையில் ஆசிரியராகப் புகழ்பெறவில்லையா? என் மகனும் எழுத்துப் பைத்தியம். போன ஆகஸ்டில் எங்கள் பத்திரிகையின் இணையதளம் வழியாக ஒரு கதையே அனுப்பிவிட்டான்! 'ஆறு மாதத்துக்குள் பதில் வரும்' என்று அவனுக்குத் தானியங்கிக் கடிதம் போனதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். என் முடிவு சரியா? பெயர், ஊர் வேண்டாம்.

பதில்: முடிவை எடுத்துவிட்டு ஒப்புதல் கேட்டு வரும் கடிதங்கள் எனக்குப் புதியவை அல்ல, சகோதரி. பத்திரிகையை விடு என்று சொல்ல உங்கள் கணவருக்கு உரிமை கிடையாது. அதைப் பற்றி இதற்கு மேல் பேச எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் நீங்கள் போகிற போக்கில் எழுதிச் சென்ற அந்த ஆகஸ்ட் மாதக் கதையை என்னால் அப்படிக் கடந்து போக முடியவில்லை. உங்கள் கடிதத்தில் மார்ச் மாதத் தேதி இருக்கிறது. ஆறு மாதத் தவணை முடிந்துவிட்டது. அந்தக் கதையைப் படித்தீர்களா?

படித்திருந்தால் அது எதைப் பற்றியது என்று ஒரு வரியாவது எழுதியிருப்பீர்கள். முன்பின் தெரியாதவர்களின் கதைகளை முதல் பத்தியிலேயே எடைபோடுகிறவர் நீங்கள். பெற்ற பிள்ளை எழுதிய கதையின் தலைப்பு கூட உங்கள் கடிதத்தில் இல்லை. பக்கத்து அறையில் இருக்கும் அம்மாவிடம் தாளை நீட்டாமல், இணையதளத்தில் பெயரும் முகவரியும் நிரப்பி, அந்நியர்களோடு வரிசையில் போய் நின்றிருக்கிறான் ஒரு ஒன்பது வயதுப் பையன். அம்மா எதைக் கட்டாயம் படிப்பாள் என்று அவன் கவனித்து வைத்திருக்கிறான். இதில் சிரிக்க என்ன இருக்கிறது? உங்களைப் போன்ற கல்லூரிப் பத்திரிகைகளில் வரும் கதைகளை முதலில் பெரும்பாலும் மாணவ உதவியாளர்கள்தான் படித்துக் கழிப்பார்கள். அவர்களில் ஒருவர், எழுதியவர் யார் என்று தெரியாமல், 'வருந்துகிறோம்' கடிதத்தை ஏற்கெனவே அனுப்பியிருந்தால், அதை அவன் உங்களிடம் சொல்லியிருப்பான் என்று நினைக்கிறீர்களா?

இனி, நீங்கள் சாட்சிக்கு அழைத்த கேத்தரின் ஒயிட். 1925-இல், பத்திரிகை தொடங்கிய ஆண்டிலேயே, அதை நிறுவிய ஆசிரியர் ஹரால்ட் ராஸிடம் கையெழுத்துப் பிரதிகளைப் படிக்கும் பகுதிநேர வேலைக்குச் சேர்ந்து, அந்தப் பத்திரிகையின் புனைகதைப் பகுதியையே உருவாக்கியவர். அவருடைய திறமையில் எனக்குச் சந்தேகமே இல்லை. 1929-இல் எர்னஸ்ட் ஏஞ்சலிடமிருந்து மணவிலக்குப் பெற்று, அதே ஆண்டு நவம்பரில் உடன் பணியாற்றிய ஈ. பி. ஒயிட்டை மணந்தார். குழந்தைகள் வழக்கறிஞரான தந்தையின் வீட்டில் வளர்ந்து, வார இறுதிகளில் தாயிடம் போய் வந்தார்கள். 'குழந்தைகள்' என்று பன்மையில்தான் சொல்ல வேண்டும், சகோதரி. ரோஜருக்கு மூத்தவளாக நான்சி என்று ஒரு மகளும் இருந்தாள். உங்கள் கடிதத்தில் அவளைக் காணோம். அவள் பத்திரிகை ஆசிரியர் ஆகவில்லை. அதனால் உங்கள் கட்சிக்கு அவள் பயன்படவில்லை.

இரண்டாம் மணத்தில் 1930-இல் பிறந்த ஜோயல் தாயோடு வளர்ந்தான். அவர்கள் 1938-இல் மெய்ன் மாநிலத்துப் பண்ணை வீட்டுக்குக் குடிபோன காலத்தில், கேத்தரின் மதிப்புரை எழுதுவதற்காக வந்த குழந்தை நூல்கள் வீடெங்கும் குவிந்து கிடந்ததைக் கணவர் ஈ. பி. ஒயிட் வேடிக்கையாக எழுதியிருக்கிறார். அந்தக் குவியலுக்கு நடுவே வளர்ந்த ஜோயல், பெரியவனாகிப் படகு கட்டப் போனார். வார இறுதியில் மட்டும் தாயைப் பார்த்த ரோஜரோ 1956-இல் அதே பத்திரிகையில் சேர்ந்து, தாய் செய்த அதே வேலையை, தாய் இருந்த அதே அறையில் உட்கார்ந்து செய்தார். இதை நீங்கள் வெற்றிக் கதையாகப் படிக்கிறீர்கள். எனக்கு அப்படிப் படிக்கத் தோன்றவில்லை. 2006-இல், எண்பத்தைந்து வயதில் வெளியிட்ட நினைவுக் குறிப்புகளிலும் அந்த மணவிலக்கைப் பற்றி அவர் எழுதிக்கொண்டிருந்தார்.

பிள்ளை வளர்ப்பு என்பது செவ்வாய்க்கிழமை இரவுக் காய்ச்சலிலும், வியாழக்கிழமை காலையில் காணாமல் போகும் ஒற்றைக் காலுறையிலும் நடப்பது. சனி ஞாயிறு மட்டும் கிடைக்கும் தாய், எவ்வளவு அன்பானவளாக இருந்தாலும், விருந்து வைப்பவளாகத்தான் இருக்க முடியும். தந்தைக்கும் இதையேதான் சொல்வேன். பலருக்குச் சொல்லித் திட்டும் வாங்கியிருக்கிறேன். நானும் ஒரு வார இதழில் துணையாசிரியராக இருந்து, அச்சுப்படிக் கட்டுகளை வீட்டுக்குத் தூக்கி வந்தவள்தான். என் மகள் ஒருநாள் தன் மதிப்பெண் அட்டையை அந்தக் கட்டுக்குள் செருகி வைத்திருந்தாள். கையெழுத்துப் போட்டுவிட்டு, யாருடைய அட்டை என்று பார்க்காமலே அடுத்த தாளைப் புரட்டினேன். அவளுக்கு இப்போது முப்பத்தாறு வயது. இன்னும் சொல்லிக் காட்டுகிறாள்.

வழக்கறிஞரிடம் எதிலும் கையெழுத்திடுவதற்கு முன், இன்று இரவே அந்த வரிசையில் அவன் கதையைத் தேடி எடுங்கள். முறை மீறல் என்று உங்கள் பத்திரிகை தர்மம் தடுத்தால், அந்தத் தர்மத்தை ஒரு மணி நேரம் மூடி வையுங்கள். அச்செடுத்துக்கொண்டு போய், அவன் கட்டிலில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, வாய்விட்டுப் படியுங்கள். 'அருமை, கண்ணா' என்று தலையைத் தடவிவிட்டு எழுந்து வந்துவிடாதீர்கள். அவன் பாராட்டுக் கேட்கவில்லை, ஆசிரியரின் பதிலைக் கேட்டிருக்கிறான். எந்த இடம் இழுக்கிறது, எந்த வரி நன்றாக விழுந்திருக்கிறது என்று பென்சிலால் குறித்து, தவணை தாண்டியதற்கு மன்னிப்பும் கேளுங்கள். பிறகு, வார நாட்களில் யாரோடு இருக்க விரும்புகிறான் என்று அவனையே கேளுங்கள். உங்கள் கடிதத்தில் எல்லோருடைய கருத்தும் இருக்கிறது, அவனுடையது மட்டும் இல்லை.

அடுத்த கடிதத்தில் அந்தக் கதையின் முதல் வரியை எனக்கு எழுதி அனுப்புங்கள். பிரிவைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.